பள்ளிக்கூட செட்டோட திடீர் டிரிப்: தேதி குறிச்சா நடக்காது, வண்டிய எடுத்தா நடக்கும்

நாலாவது பெஞ்ச் | சனி, இரவு 10.12

எங்க பிளஸ் டூ செட்டுக்கு வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பிச்சு வருசக்கணக்காச்சு. ஆரம்பிச்ச நாள்ல இருந்தே "எல்லாரும் ஒருநாள் சேரணும்டா"ங்கற பேச்சும் ஓடிக்கிட்டுதான் இருக்குது. ஒருத்தன் தீபாவளிக்கு மறுநாள்ங்கறான். இன்னொருத்தன் ஊர்ல மாரியம்மன் பண்டிகை முடியட்டும்ங்கறான். பெங்களூர்க்காரன் மூணு தேதி போட்டு ஓட்டெடுப்பு வெப்பான். பாதிப்பேர் அதைப் பாக்கவே மாட்டானுங்க, மீதிப்பேர் மூணுக்கும் ஓட்டுப் போடுவானுங்க. மறுநாள் விடிஞ்சா ரோஜாப்பூ படத்தோட நாலு 'இனிய காலை வணக்கம்' வந்து விழும். ஓட்டெடுப்பு மேல போயிரும். அதோட சரி.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. சத்தீஸ்கர்ல ரிக் வண்டி ஓட்டற பையன். (எங்க ஊர் திருச்செங்கோடுங்க. போர்வெல் ரிக்ல பொழைக்காத தெருவே இருக்காது.) "டேய், லீவுக்கு வந்திருக்கேன். காலையில அஞ்சு மணிக்கு மலை அடிவாரத்துல வண்டியோட நிக்கறேன். கொல்லிமலை போறேன். வர்றவன் வாங்க, வராதவன் தூங்குங்க." இவ்வளவுதான். யாரையும் கெஞ்சல, ஏன் வரலைன்னு கேக்கவும் இல்ல.

ரெண்டு கார் நெறையற அளவுக்கு ஆள் வந்திருச்சு! நாமக்கல் போயி, சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில மலை ஏற ஆரம்பிச்சப்ப இன்னும் வெயில் வரல. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. இருபதாவது வளைவு வரைக்கும் எல்லாரும் 'வாங்க, போங்க'ன்னு பேசிக்கிட்டு வந்தோம். சொந்த செட்டுக்குள்ள மரியாதை! அப்புறம் கணக்கு வாத்தியார் பேச்சு வந்துச்சு, மரியாதை வளைவுல எங்கியோ கீழ விழுந்திருச்சு.

செம்மேட்டுல முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிச்சோம். மூட்டுவலிக்கு நல்லதுன்னு சொல்லித்தான் விக்கறாங்க. அதைக் குடிச்ச தெம்புல ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேல படி. இறங்கறது ஒண்ணும் தெரியல. ஏறும்போதுதான் ஒவ்வொருத்தன் வயசும் வெளிய வந்துச்சு. ஸ்கூல்ல நானூறு மீட்டர் ஓட்டத்துல முதல்ல வந்தவன் இப்ப போலீஸ்ல இருக்கான். படி ஓரத்துல உக்காந்து முட்டியப் புடிச்சுக்கிட்டு, "நீங்க போங்கடா, நான் அடுத்த வருசம் வந்து சேர்றேன்"னான். அவன் ஏறி முடிக்கற வரைக்கும் கூட உக்காந்து உக்காந்து ஏறுனவன், பிளஸ் டூவுல கணக்குல ஃபெயிலாகி அதோட நின்னுட்டவன். இவங்க ரெண்டு பேரும் ஸ்கூல்ல பேசிப் பாத்ததே இல்ல.

மத்தியானம் மெஸ்ஸுல இலை போட்டாங்க. சோறு வர்றதுக்குள்ள நாலு பேர் ஒரே நேரத்துல சட்டைப் பைக்குள்ள கைய விட்டு மாத்திரை அட்டைய எடுத்தோம். எல்லாம் சுகர் மாத்திரை. ஒருத்தன் மறந்துட்டு வந்துட்டான். பக்கத்துல இருந்தவன் அட்டையத் திருப்பிப் பாத்துட்டு, "உனக்கும் 500 தானடா?"ன்னு ஒண்ணப் பிச்சுக் குடுத்தான். சிரிச்சதுல மெஸ்காரம்மா உள்ள இருந்து எட்டிப் பாத்தாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். எல்லாருக்கும் ஒத்துவர்ற தேதின்னு ஒண்ணு கிடையாது. முப்பது பேருக்காகக் காத்திருந்தா மூணு பேர் கூட சேரமாட்டோம். நாலு மணி நேரத்துல போற தூரம், ராத்திரி தங்கல் வேண்டாம், வர்றவனோட கிளம்பு. உங்க செட்டுல யாராச்சும் இப்படிக் கிளம்பிப் போயிருக்கீங்களா?


காவேரிக்கரை | சனி, இரவு 11.05

படிக்க நல்லா இருக்கு சார். ஒரு சந்தேகம். உங்க பிளஸ் டூவுல பொண்ணுங்களே படிக்கலையா?

ராத்திரி சொல்லி விடிகாலை அஞ்சு மணிக்கு அடிவாரத்துல வந்து நில்லுன்னா எந்தப் பொண்ணு வருவா? நாளைக்கு இட்லிக்கு மாவு இருக்கான்னு பாக்கணும். மாமியாருக்கு பிபி மாத்திரை எடுத்து வைக்கணும். பையனுக்கு டியூஷன் இருக்கான்னு பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, "யார் யார் வர்றாங்க, எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவே"ன்னு ஒரு விசாரணை இருக்கு. அதுக்கே ஒரு ராத்திரி போயிடும். 'வராதவன் தூங்குங்க'ங்கிறது எங்களுக்குப் பொருந்தாது. வராதவ தூங்கமாட்டா, துணி துவைச்சிட்டிருப்பா.

குறை சொல்றதோட நிறுத்தல, நாங்க செஞ்சதையும் சொல்றேன். எங்களோடது திருச்சியில பெண்கள் பள்ளி. பத்தாவது வரைக்கும் ஒண்ணா இருந்தவங்க பாதிப்பேர் இன்னும் திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடி பக்கம்தான் இருக்கோம். ஆனா பார்க்கிறது கல்யாண மண்டபத்துல மட்டும், அதுவும் பந்தியில. ஒரு ஜூன் மாசம், மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தாச்சுன்னு டிவியில காட்டினாங்க. மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடும். அப்ப ஒருத்தி குரூப்ல போட்டா: "புதுத்தண்ணி பாக்கப் போலாமா? பசங்க ஸ்கூல் போனதும் கிளம்பி, திரும்பி வர்றதுக்குள்ள வந்துடலாம்."

அந்த ரெண்டாவது வரிதான் காரியத்தை முடிச்சது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து டவுன் பஸ். 2021-ல இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே. ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ். ஒருத்தி புளியோதரை, ஒருத்தி தயிர்சாதமும் மாவடுவும், மத்தவங்க வடகம், வத்தல். கல்லணையில ஷட்டர் வழியா நுரைச்சு வர்ற தண்ணியப் பாத்துக்கிட்டே பூங்காவுல உக்காந்து சாப்பிட்டோம். செலவுன்னா அங்க பொரிச்ச மீன் வாங்கினதுதான். அதையும் சைவக்காரி ஒருத்திதான் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தா, முகத்தைத் திருப்பிக்கிட்டு.

யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்கல. வீட்டுக்குத் தெரியவே தெரியாது. மூணே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வந்தப்ப எல்லாரும் அவங்கவங்க வாசல்ல நின்னோம்.


பரோட்டா சால்னா | சனி, இரவு 11.20

சுகர் மாத்திரையக் கடன் வாங்குற வயசுல உங்களுக்கு ஆகாய கங்கை கேக்குது. எங்க செட்டு குற்றாலத்துக்கே லிஃப்ட் இருக்கான்னு கேக்கும்.

அப்புறம், மாத்திரைய மாத்தி மாத்திப் போடாதீங்கய்யா. எங்க வீட்டம்மா நர்ஸ், இதைப் படிச்சிட்டு உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கா.


மஞ்சள் போர்டு | ஞாயிறு, காலை 6.40

அண்ணே, நான் திண்டுக்கல்ல டெம்போ டிராவலர் வச்சு ஓட்டுறேன். செட்டு டிரிப் நெறைய ஓட்டியிருக்கேன். கண்ணாடியில பாத்துக்கிட்டே வர்றதால எனக்கு ஒண்ணு தெரியும். ஏறுன அரை மணி நேரம் எல்லாரும் வேலை, சம்பளம், வீட்டு லோன் பேசுவாங்க. அப்புறம் வாத்தியாருங்க. அப்புறம் அந்தக் காலத்து சினிமா. திரும்பி வரும்போதுதான் வீட்டுக் கதை வரும். அது மெதுவா, ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து பேசுறது. அப்ப நான் பாட்டச் சத்தம் கொறச்சு வைப்பேன்.

திடீர்னு கிளம்புங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு ரெண்டு விஷயம் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு முடிவு பண்ணி நாலு மணிக்கு எந்திரிச்சவன் மலையில வண்டி ஓட்டக்கூடாது. அவன் தூங்கினது அஞ்சு மணி நேரம் கூட இருக்காது. போகும்போது உற்சாகத்துல ஓட்டிருவான். மத்தியானம் சாப்பிட்டு இறங்கும்போதுதான் கண்ணு சொருகும். சொந்தக் கார்ல போறீங்கன்னா ஏத்தத்துக்கு ஒருத்தர், இறக்கத்துக்கு ஒருத்தர்னு பிரிச்சுக்கங்க.

இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க. ஏறுன கியர்லயே இறங்கணும்னு எங்க ஓனர் சொல்லிக் குடுத்தது. ரெண்டாவதுல விட்டா இன்ஜினே வண்டியப் புடிக்கும். மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக் காய்ஞ்சு, கருகுற வாடை வரும். அந்த வாடை வந்துட்டா ஓரமா நிறுத்தி ஆற விடணும், தண்ணி ஊத்தக் கூடாது. எதுத்தாப்புல ஏறி வர்ற வண்டிக்கு இறங்குற வண்டிதான் வழி விடணும். இது சட்டத்துலயே இருக்கு. சமவெளியில ஓட்டிப் பழகுனவங்களுக்கு இது தெரியறதே இல்ல, ஹெட்லைட்டப் போட்டு நம்மளைப் பின்னால போகச் சொல்லுவாங்க.

வாடகைக்கு எடுத்தா மஞ்சள் போர்டு வண்டியே எடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளை போர்டு வண்டியக் கொறஞ்ச வாடகைக்குத் தர்றேம்பார். ஏதாச்சும் ஆச்சுன்னா, வாடகைக்கு ஓட்டுனதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சிருவாங்க. ஊட்டி, கொடைக்கானல்னா 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் வேணும், ஹைகோர்ட் உத்தரவு. போன்லயே எடுத்துரலாம், ஆனா சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு கணக்கு வச்சிருக்காங்க. மலையடிவாரத்துல வந்து நின்னுக்கிட்டு எடுக்கலாம்னு வராதீங்க.

கடைசியா சரக்கு. குடிக்கிறது உங்க இஷ்டம். பாட்டிலக் காட்டுக்குள்ள வீசுறது இருக்கே, அது யானை கால்ல ஏறுது. ஒரு சாக்குப் பை வண்டியிலயே இருக்கும், அதுல போடுங்கன்னு சொல்லித்தான் நான் ஆளை ஏத்துறேன். கேக்காத செட்ட அடுத்த தடவை ஏத்துறதில்ல.


பாவும் ஊடும் | ஞாயிறு, காலை 9.15

நான் பள்ளிபாளையம். விசைத்தறி ஓட்டறேன், சொந்தத் தறி இல்ல, கூலிக்குத்தான். நாலாவது பெஞ்ச் எழுதுன மாதிரியே எங்க குரூப்லயும் ஒரு ராத்திரி மெசேஜ் வந்துச்சு. ஏற்காடு போறோம், வாடான்னு. நான் 'ஷிப்ட் இருக்குடா'ன்னு போட்டேன்.

ஷிப்ட் இருந்தது நெசந்தான். ஆனா அதை மாத்திக்க முடியும், பக்கத்துத் தறிக்காரன் பாத்துக்குவான். எனக்குக் கூலி சனிக்கிழமை சாயங்காலம். வெள்ளி ராத்திரி என் கையில என்ன இருக்கும்? வெள்ளி சொல்லி சனி கிளம்பறது மாசச் சம்பளக்காரங்களுக்கு சரிங்க. எனக்கு அன்னிக்குக் கூலியும் போகும், கைக்காசும் போகும்.

அவனுங்க நல்லவனுங்கதான். பெங்களூர்ல இருக்கறவன் தனியா போன் பண்ணி, "காசப் பத்தி யோசிக்காத, நான் பாத்துக்கறேன் வா"ன்னான். அதுக்கப்புறம் சுத்தமா போறதுக்கு மனசு வரல. ஒருநாள் பூரா அவன் காசுல டீ குடிச்சுட்டு, அவன் சொல்ற எடத்துல எறங்கி ஏறி, அவன் சொல்ற ஜோக்குக்குச் சிரிக்கணும். அவன் அப்படி எதிர்பாக்க மாட்டான். எனக்கு அப்படித்தான் இருக்கும்.

வராதவன் எல்லாம் தூங்கறான்னு நெனைக்காதீங்க. 'வேலை இருக்கு'ன்னு ஒருத்தன் போட்டா, அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நிமிசம் யோசிங்க. இவ்வளவுதான்.


நாலாவது பெஞ்ச் | ஞாயிறு, காலை 10.30

பாவும் ஊடும், நீங்க எங்க பக்கத்து ஊரு. உங்க மெசேஜை அப்படியே எங்க குரூப்ல போட்டேன். ஒரு மணி நேரம் யாரும் ஒண்ணும் பேசல. அப்புறம் ரிக் வண்டிக்காரன்தான் சொன்னான், அடுத்த தடவை ஞாயித்துக்கிழமை போலாம், மெஸ், ஹோட்டல் வேண்டாம், அவனவன் வீட்டுல இருந்து கட்டுச்சோறுன்னு. டீசல் செலவு வண்டிக்காரனோடது. டீ, டோல்கேட் ஒரு பொதுப் பையில இருந்து, ஆளுக்கு நூறு ரூபா. நூறுக்கு மேல யாரும் போடக்கூடாது, பெங்களூர்க்காரனும் சேத்தி. அவனுக்குத்தான் இது கஷ்டமா இருக்குது.

காவேரிக்கரை மேடம், எங்க ஸ்கூல் பசங்க ஸ்கூல்தாங்க. தப்பிச்சேன்.


காவேரிக்கரை | ஞாயிறு, காலை 10.41

தப்பிக்கல. கட்டுச்சோறு யாரு கட்டுவா?


பரோட்டா சால்னா | ஞாயிறு, காலை 10.43

😂😂 இழையை இத்தோட பூட்டிடலாம்.


குறிகட்டுவான் | ஞாயிறு, பிற்பகல் 2.20

பூட்டாதேங்கோ, நான் இப்பதான் வாறன். ரொறன்ரோவில இருந்து எழுதிறன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) வரைக்கும் ஒண்டாப் படிச்ச ஆக்கள். 95 ஒக்டோபர் இடம்பெயர்வோட ஆளுக்கொரு திக்காப் போனம். ஒருத்தன் லண்டன், ஒருத்தன் சூரிச், ரெண்டு பேர் கொழும்பு. ஊரை விட்டுப் போகாமல் நிண்டவன் ஒருத்தன்தான். அவன்ர அப்பா போன வருசம் மோசம் போனார். செத்தவீட்டுக்குப் போக முடியேல்ல, 31-ம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காவது போவம் எண்டு வெளிக்கிட்டனான். கீரிமலைக்கு வந்து பார்த்தால் லண்டன்காரன் வேட்டியோட நிக்கிறான். அவன் வாறதெண்டு எனக்குச் சொல்லேல்ல, நான் வாறதெண்டு அவனுக்கும் தெரியாது. பின்னேரத்துக்குள்ள கொழும்பு ஆக்களும் வந்து சேர்ந்திட்டினம்.

இரவு அவன்ர வீட்டு முத்தத்தில கதிரையளைப் போட்டுக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க, "நெடுந்தீவுக்கு நாங்கள் ஒருக்காலும் போகேல்லையடா" எண்டு யாரோ சொன்னது. உண்மைதான். எங்களுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா எண்டு ஒண்டும் இருக்கேல்ல. நாங்கள் படிச்ச காலத்தில கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, கடலுக்குள்ள ஆமி, நேவி. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். தீவு பார்க்க ஆர் விடுவினம்?

விடிய வெள்ளன ஹயஸ் வான் ஒண்டு பிடிச்சு, புங்குடுதீவில இருக்கிற குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனம். அங்கயிருந்து படகு, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். லண்டன்காரன் பாதி வழியில சத்தி எடுத்துப்போட்டான். அங்க போய்ப் பார்த்தால் வேலியெல்லாம் பவளக் கல்லை அடுக்கிக் கட்டினது, சீமெந்தே இல்லை. வெளியில கட்டைக் குதிரையள் தன்ர பாட்டில மேயுது. பெரிய பெருக்கு மரத்துக்குக் கீழ நிண்டு நாலைஞ்சு பேர் கையைக் கோத்துச் சுத்திப் பிடிச்சுப் பார்த்தம், எட்டேல்ல. ஐம்பது வயசுக்காரர்! பக்கத்தில உண்மையான பள்ளிக்கூடப் பிள்ளையள் சுற்றுலா வந்திருந்தவை, எங்களைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டுப் போச்சினம்.

பள்ளிபாளையம் தம்பி எழுதினதை வாசிக்கேக்க எங்கட ஊர்க்காரன்ர ஞாபகம் வந்தது. வெளிநாட்டில இருந்து போற எங்களுக்கு ஒரு பழக்கம், எல்லாத்துக்கும் முந்திக்கொண்டு காசை எடுக்கிறது. வானுக்கு நான் குடுக்கப் போக, அவன் என்ர கையைப் பிடிச்சு, "உது என்ர ஊர். நீங்கள் விருந்தாளியள்" எண்டான். வானுக்கு அவன்தான் குடுத்தவன். அவனுக்கு அது சின்னக் காசில்லை எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.


வருகைப் பதிவேடு | ஞாயிறு, மாலை 4.50

எல்லாரும் சந்தோஷமா எழுதுற இடத்துல கொஞ்சம் கசப்பா எழுதுறேன், மன்னிக்கணும்.

எனக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு பட்டப்பேர் உண்டு. அதை இங்க எழுத மாட்டேன். நிறத்தையும் சாதியையும் ஒண்ணா சேத்து வச்சது. ஸ்காலர்ஷிப் படிவம் கொடுக்கறதுக்கு வகுப்புல எழுந்திரிச்சு நிக்கச் சொல்லுவாங்க இல்லையா, அந்த நாள்ல இருந்து அந்தப் பேர். ஆறு வருசம் அதே பேர்ல இருந்தேன். இப்ப நான் ஒரு அரசு அலுவலகத்துல, கையெழுத்துப் போடுற நாற்காலியில இருக்கேன்.

குரூப்ல சேத்தாங்க. ஒரு ராத்திரி வால்பாறை போறோம்னு மெசேஜ் வந்துச்சு, கூடவே நாலு பேர் போன் பண்ணாங்க. எல்லாரும் வளந்துட்டாங்கன்னு நம்பிப் போனேன். ஆழியார் தாண்டி ரெண்டாவது வளைவுல ஒருத்தன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். வேன் முழுக்கச் சிரிப்பு. கல்யாண மண்டபம்னா கைகழுவிட்டு வெளிய போயிடலாம். ஹோட்டல்னா ஆட்டோ புடிச்சிடலாம். ஓடுற வேன்ல 40 வளைவும் அவங்களோடதான் போகணும். அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். போட்டோவுலயும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

திடீர்னு கிளம்புனா நடக்கும்ங்கிறீங்க. யோசிக்க நேரம் கொடுத்திருந்தா நான் போயிருக்க மாட்டேன்.


கில்லி கிரி | ஞாயிறு, மாலை 5.02

சின்ன வயசு விளையாட்டு பாஸ். எனக்கும்தான் 'எலி'ன்னு பேர் வச்சாங்க. மனசுல வச்சுக்காம விடுங்க, லைஃப் ஈஸ் ஷார்ட்.


வருகைப் பதிவேடு | ஞாயிறு, மாலை 5.30

எலின்னு கூப்பிட்டா உங்க அப்பாவுக்கு வலிக்காது சார். என் பேர் என் அப்பாவுக்கும் சேத்து வச்ச பேர்.


மஞ்சள் போர்டு | ஞாயிறு, மாலை 6.10

பதிவேடு அண்ணே, இந்த மாதிரி என் வண்டிக்குள்ள நடந்து பாத்திருக்கேன். டிரைவர் வாயத் திறக்க முடியாது. டீக்கடையில நிறுத்தும்போது அந்த ஆளைக் கூப்பிட்டு முன்னாடி என் பக்கத்து சீட்டுல உக்கார வச்சுக்குவேன், வழி சொல்ல ஆள் வேணும்னு சொல்லி. எனக்கு வழி தெரியாதா என்ன.


வருகைப் பதிவேடு | ஞாயிறு, மாலை 6.25

நன்றி தம்பி. எங்க வேன்லயும் ஒருத்தன் இருந்தான். திரும்பும்போது, "டேய், அவனுக்குப் பேர் இருக்கு, அதைச் சொல்லுங்கடா"ன்னு அதட்டினான். அவனோட மட்டும் இப்பவும் பேசிக்கிட்டிருக்கேன். மாசத்துக்கு ஒருதடவை ரெண்டு பேரும் பழனிக்கு பஸ்ல போய்ட்டு வருவோம். எனக்கு அந்த செட்டு போதும்.


தாம்பரம் பாசஞ்சர் | ஞாயிறு, இரவு 8.45

பதிவேடு சார் எழுதினதுக்கு அப்புறம் ஊர் சுத்தின கதை எழுதறதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இருந்தாலும் மேல ஒருத்தர் 'எங்க போறது'ன்னு எனக்குத் தனிச்செய்தியில கேட்டிருந்தார், அதுக்காக.

நாங்க விழுப்புரத்துல படிச்சவங்க, இப்ப பாதிப்பேர் சென்னையில. முதல்ல ராமேஸ்வரம் போறதா இருந்தது. தட்கல் எடுக்கலாம்னு பாத்தோம். முதல்நாள் காலையில ஏசிக்கு 10 மணி, மத்ததுக்கு 11 மணி. 2025 ஜூலையில இருந்து ஆன்லைன்ல எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேணும். ஒரு டிக்கெட்ல நாலு பேருக்கு மேல கிடையாது. எங்க கூட்டத்துக்கு மூணு பேர் மூணு போன்ல ஒரே நிமிஷத்துல தட்டணும். ஒருத்தனுக்குக் கிடைச்சு ரெண்டு பேருக்குக் கிடைக்கலேன்னா? கன்ஃபர்ம் ஆன தட்கலைக் கேன்சல் பண்ணினா காசும் வராது. திடீர்னு கிளம்புற கூட்டத்துக்கு ரிசர்வேஷன் ஒத்துவராது சார்.

அதனால அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து, ரயில்ல நேரா சொந்த ஊருக்கே போனோம். விழுப்புரத்துல இறங்கி செஞ்சி பஸ். வெளியூர்க்காரனெல்லாம் செஞ்சிக் கோட்டை பாக்க வர்றான், மராட்டியர் கோட்டைகள் வரிசையில 2025-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்தாச்சு. நாங்க ஆறாம் வகுப்பு டூருக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகல. ராஜகிரி ஏறணும்னா காலையிலயே போயிடணும், மத்தியானத்துக்கு மேல ஏற விடமாட்டாங்க. எங்கள்ல ஒருத்தன் தேசிங்கு ராஜன் கூத்து பாத்தே வளந்தவன். களஞ்சியத்துக்கு உள்ள போய் நின்னு ரெண்டு வரி எடுத்துப் பாடினான், சுவர் திருப்பிப் பாடிச்சு. அங்க வந்திருந்த காலேஜ் பசங்க எல்லாம் போனை எடுத்துட்டு ஓடி வந்தாங்க. அவன் வெக்கப்பட்டு நிறுத்திட்டான். ஸ்கூல்ல இலக்கிய மன்றத்துலயும் இப்படித்தான் பாதியில நிறுத்துவான்.

இதுல ஒரு லாபம் என்னன்னா, சொந்த ஊர் பக்கம் போனா ஊர்லயே தங்கிட்டவனும் வர முடியுது. சைக்கிள் கடை வச்சிருக்கிறவன் பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிட்டு வந்தான், நாலு மணிக்குப் போய்த் திறந்துட்டான்.


பாவும் ஊடும் | ஞாயிறு, இரவு 9.20

இது நல்ல யோசனை. எங்களுக்கு பவானி கூடுதுறை இருக்குது. பள்ளிபாளையத்துல இருந்து பஸ்லயே போயிரலாம். நானே எங்க குரூப்ல போடறேன். ஞாயித்துக்கிழமை.


பனியன் கம்பெனி | ஞாயிறு, இரவு 9.52

நாலாவது பெஞ்ச், கொல்லிமலை போகணும்னு எங்க செட்டுல இப்பத்தான் பேச்சு எடுத்தோம். எனக்கு ஊட்டி பஸ்லயே வாந்தி வரும். 70 வளைவுன்னு படிச்சதும் இப்பவே வயித்தப் பொரட்டுது. என்னை விட்டுட்டுப் போறேங்கறானுங்க. வேற வழி இருக்குதுங்களா?


மஞ்சள் போர்டு | ஞாயிறு, இரவு 10.05

இருக்குண்ணே. ராசிபுரத்துல இருந்து முள்ளுக்குறிச்சி வழியா ஒரு ரோடு மேல போகுது. வளைவு அந்த அளவுக்கு இல்ல. நீங்க திருப்பூர்ல இருந்து வர்றதுக்கு சுத்துதான், ஆனா வயித்துக்கு நல்லது. காலையில வெறும் வயித்தோட ஏறாதீங்க, ரெண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேணாம். வாந்தி மாத்திரை போடுறதா இருந்தா ஏர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கங்க. போனைப் பாக்காம ரோட்டப் பாத்துக்கிட்டு வாங்க. முன் சீட்டை இப்பவே குரூப்ல சொல்லி வச்சிருங்க, அடிவாரத்துக்குப் போனதுக்கப்புறம் கேட்டா எவனும் தரமாட்டான்.